மாஸ்டர் யாரு பேர்ல இருக்கு? – கேளுங்க, சொல்லுதேன்

மாசி பொறக்கப் போவுது, மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்குப் புதுப் பாட்டு இறக்குற நேரம். நம்ம மாவட்டத்துல பாட்டுக் கம்பெனி வச்சிருக்கவங்களுக்குள்ள இருக்க மனத்தாங்கல் எல்லாம் இந்த நேரத்துலதான் வெளிய வருது, ஏன்னா சீசன் வருமானம் யாரு அக்கவுண்ட்டுக்குப் போவணும்ங்குற கேள்வி அப்பதான் வரும். ரெண்டு லேபிள் சேந்து தொழில் பண்ணி, அது முறிஞ்சு, இப்ப என்ன செய்யன்னு கேட்டு வந்த கடுதாசிகளத்தான் இந்த இதழ்ல எடுத்திருக்கேன். பேரு போடல, ஊரு மட்டும் இருக்கு.

அண்ணாச்சி, நான் கேசட் காலத்துல இருந்தே கிறிஸ்தவப் பாட்டு போடுறவன். நாகர்கோவில்ல அம்மன் பாட்டும் வில்லிசையும் போடுற இன்னொரு லேபிள்காரரும் நானும் 2012-ல சேந்து ஒரே பேர்ல தொழில் தொடங்கினோம். ஆளுக்குப் பாதின்னு முத்திரைத்தாள்ல எழுதினோம், பதிவு பண்ணல. ஸ்டூடியோ செலவு முக்காவாசி எனக்க கைப்பணம், யூடியூப் சேனல் அவருக்க ஜிமெயில்ல. இப்ப ரெண்டு வருசமா கணக்கு காட்டல, கேட்டதுக்கு பாஸ்வேர்ட மாத்திட்டாரு. எனக்க பழைய பாட்ட வேற சேனல்ல போட்டா காப்பிரைட் புகார் குடுத்து ஸ்ட்ரைக் அடிக்காரு. பதிவு பண்ணாத பார்ட்னர்ஷிப் செல்லாது, நீ ஒண்ணும் செய்ய முடியாதுன்னு எல்லாரும் சொல்லுதாவ. நெசமா?
– ஒரு லேபிள் உரிமையாளர், மார்த்தாண்டம்

நெசம் இல்ல அண்ணே. இந்த ஒரு தப்பான பேச்ச நம்பி எத்தன பேரு தன் பங்க விட்டுட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு, அதனால இத முதல்ல சொல்லிடுதேன். 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்துல 69-ம் பிரிவு இருக்கு, பதிவு பண்ணாத ஃபர்ம்ல இருக்க பார்ட்னர், ஒப்பந்தத்துல உள்ள உரிமைய கேட்டு இன்னொரு பார்ட்னர் மேல வழக்கு போட முடியாதுன்னு அது சொல்லுது. ஜனங்க இதோட நிறுத்திக்கிடுதாங்க. அதே பிரிவுக்குள்ளயே விதிவிலக்கும் இருக்கு: ஃபர்ம கலைக்கச் சொல்லி வழக்கு போடலாம், கலைஞ்ச ஃபர்முக்குக் கணக்கு கேட்டு வழக்கு போடலாம், அந்த ஃபர்மோட சொத்த மீட்கவும் போடலாம். அதாவது தொழில் ஓடிட்டு இருக்கும்போது "மாசாமாசம் பங்கக் குடு"ன்னு கோர்ட்டுக்குப் போனா கதவு அடைச்சிருக்கும், "முடிச்சுக்கிடுவோம், கணக்க எடு"ன்னு போனா தொறந்திருக்கும். இப்ப போய் பதிவு பண்ணலாமேன்னு நெனைப்பீங்க, பண்ணலாம்தான், ஆனா அதுக்கு எல்லா பார்ட்னரும் கையெழுத்து போடணும், பாஸ்வேர்ட மாத்துனவரு அதுக்கு வருவாரா?

அதனால முதல் வேலை நோட்டீஸ். உங்க பத்திரத்த எடுத்துப் பாருங்க, இத்தன வருசத்துக்குன்னு காலம் ஏதாவது எழுதியிருக்கா, இல்ல எப்படி முடிக்கணும்னு ஏதாவது இருக்கா? ரெண்டும் இல்லன்னா அது விருப்பம் இருக்கவரைக்கும் நடக்குற பார்ட்னர்ஷிப், 43-ம் பிரிவுப்படி ஒருத்தர் எழுத்துல நோட்டீஸ் குடுத்தாலே கலைஞ்சிடும். நோட்டீஸ்ல ஒரு தேதி போட்டா அந்தத் தேதியில இருந்து, போடலன்னா அவரு கைக்குக் கிடைச்ச நாள்ல இருந்து. பதிவுத் தபால்ல ஒப்புதல் அட்டையோட அனுப்புங்க, வாட்ஸ்அப்ல "இனி சேர்ந்து வேண்டாம்"னு போட்டுட்டு இருந்துடாதீங்க. இந்தத் தேதிய பத்திரமா வச்சிக்கிடணும், ஏன்னா கலைஞ்ச நாள்ல இருந்து 3 வருசத்துக்குள்ள கணக்கு வழக்க போட்டாவணும், தாண்டுனா காலாவதி.

நோட்டீஸ் குடுத்ததும் ஊருக்கும் சொல்லணும். நம்ம மாவட்டத்துல ஓடுற ஒரு தமிழ் பேப்பர்லயும் அரசிதழ்லயும் அறிவிப்பு வரணும்ங்குறது 72-ம் பிரிவு. இத நெறைய பேரு வெறும் சம்பிரதாயம்னு விட்டுடுதாங்க. அறிவிப்பு குடுக்காதவரைக்கும் அவரு ஃபர்ம் பேர்ல கடன் வாங்குனாலோ, ஒரு ஆப்புக்குப் பாட்ட எழுதிக் குடுத்து அட்வான்ஸ் வாங்குனாலோ, வெளியாளுக்கு நீங்களும் பொறுப்பு.

ஸ்ட்ரைக் விஷயத்துக்கு வாரேன். உங்க கோவம் புரியுது, ஆனா பதிலுக்கு நீங்களும் அவரு பாட்டு மேல ஸ்ட்ரைக் அடிக்காதீங்க, கெஞ்சிக் கேக்குதேன். 90 நாளுக்குள்ள 3 ஸ்ட்ரைக் விழுந்தா சேனலே போயிடும். அந்தச் சேனல் அவரு ஜிமெயில்ல இருக்குங்குறதுக்காக அவரு சொத்து ஆயிடாது, ஃபர்ம் காசுல ஃபர்ம் பாட்ட வச்சு வளந்தது, அதுல பாதி உங்களது. இத்தன வருசமா சேந்த சப்ஸ்கிரைபரும் பார்வையும் போச்சுன்னா கோர்ட்டு வந்து திருப்பித் தர முடியாது. உங்க வீடியோ மேல ஸ்ட்ரைக் இல்லாம, பாட்டு எனக்குச் சொந்தம்னு வெறும் கிளெய்ம் மட்டும் வந்திருந்தா, 5 நாளுக்குள்ள அத மறுத்து டிஸ்ப்யூட் போடுங்க, அப்ப முதல் நாள்ல இருந்து வர்ற காசு யாருக்கும் போவாம தனியா நிக்கும், கிளெய்ம் பண்ணவரு 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். ஸ்ட்ரைக்கே விழுந்திருச்சுன்னா எதிர் அறிவிப்பு குடுக்கலாம், ஆனா அது சட்டப்படி உறுதிமொழி மாதிரி, வக்கீல்கிட்ட காட்டாம குடுக்க வேண்டாம்.

இப்ப முக்கியமான இடம், மாஸ்டர், அதாவது பாட்டோட மூல ஒலிப்பதிவு. காப்பிரைட் சட்டம் 1957-ல ஒரு ஒலிப்பதிவுக்கு ஆசிரியர்னு சொல்லுறது தயாரிப்பாளரத்தான், தயாரிப்பாளர்னா அந்தப் பதிவ செய்ய முன்கை எடுத்து பொறுப்பு ஏத்துக்கிட்டவரு. அதனால 2012-க்கு முன்னால நீங்க தனியா போட்ட கேசட்டு, சிடி எல்லாம், பார்ட்னர்ஷிப்புக்குள்ள கொண்டு வாரேன்னு நீங்க எழுதிக் குடுக்காதவரைக்கும் உங்களது, அத அவரு ஸ்ட்ரைக் அடிக்கிறது தப்பு. அவரோட பழைய அம்மன் பாட்டும் அதே மாதிரி அவரது. 2012-க்குப் பிறகு ஃபர்ம் காசுல எடுத்ததுதான் கூட்டுச் சொத்து, ரெண்டு பேரு பேர்லயும் பட்டா இருக்க தென்னந்தோப்ப ஒருத்தர் மட்டும் வித்துட முடியாதுல்லா, அப்படித்தான் இதுவும். பழைய ஸ்டூடியோ பில்லு, கேசட் பெட்டிக்குள்ள வைக்குற அட்டையான இன்லே கார்டுல பின்பக்கம் அச்சடிச்ச தயாரிப்பாளர் பேரு, பாடகருக்குக் குடுத்த ரசீது, டூப்ளிகேஷன் பண்ண இடத்து பில்லு, இப்படி எது கிடைச்சாலும் தேடி எடுங்க. பரண்ல கெடக்குற பழைய இன்லே கார்டு உங்களுக்கு இப்ப பத்திரம் மாதிரி. ஒரு ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான வருசத்துக்கு அடுத்த வருசத்துல இருந்து 60 வருசம், 2005-ல வந்த ஆல்பம் 2065 கடைசி வரைக்கும் காசு தரும். பிள்ளைகளுக்குப் போவுற சொத்து அண்ணே இது, ரெண்டு வருச கணக்குச் சண்டையில அத விட்டுடக் கூடாது.

எனக்குத் தோணுறது, பாட்டு பாட்டா பட்டியல் போட்டு பிரிச்சிக்கிடுறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது. கிறிஸ்தவப் பாட்டுல அவரு பாதிய உங்களுக்கு எழுதிக் குடுக்கட்டும், அம்மன் பாட்டுலயும் வில்லிசையிலயும் உங்க பாதிய நீங்க அவருக்கு எழுதிக் குடுங்க, மதிப்புல வித்தியாசம் வந்தா பணமா ஈடு கட்டிக்கிடலாம். எழுதும்போது ஒண்ணு மறந்துடாதீங்க, எத்தன வருசத்துக்கு, எந்தெந்த நாட்டுக்குன்னு கட்டாயம் போடணும். காலம் போடலன்னா சட்டம் அத 5 வருசம்னுதான் எடுத்துக்கிடும், இடம் போடலன்னா இந்தியா மட்டும்னு எடுத்துக்கிடும். கிறிஸ்தவப் பாட்டு கேக்குற நம்ம ஆளுங்க வளைகுடாவுல எவ்வளவு பேரு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும், "உலகம் முழுக்க"ங்குற ரெண்டு வார்த்தைய விட்டா அந்த வருமானத்துக்குத் திரும்பச் சண்டை வரும்.

கணக்க பொறுத்தவரை, அவரு காட்டலன்னாலும் காசு வந்த தடம் அழியாது. யூடியூப் விளம்பரப் பணம் கூகுளோட ஆட்சென்ஸ் வழியா ஒரு பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் வரும், காலர் ட்யூனும் மத்த ஆப்பும், பாட்ட அங்கெல்லாம் கொண்டு சேக்குற அக்ரிகேட்டர் கம்பெனியோட ஸ்டேட்மெண்ட்ல இருக்கும். ஃபர்ம் புத்தகத்த பாக்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பார்ட்னருக்கும் உரிமை உண்டு. கணக்கு முடிக்கும்போது வெளிக்கடன் முதல்ல, அதுக்குப் பிறகு பார்ட்னர் தன் மூலதனத்துக்கு மேல குடுத்த அட்வான்ஸ், பிறகு மூலதனம், மிச்சம் இருந்தாத்தான் பாதிப் பாதி. இதுதான் 48-ம் பிரிவு சொல்லுற வரிசை. ஸ்டூடியோவுக்கு நீங்க போட்ட கைப்பணம் அட்வான்ஸ்னு நிரூபிச்சா, லாபம் பிரிக்கிறதுக்கு முன்னாலயே உங்களுக்கு வந்துடணும். அதுக்குத்தான் பில்லு பில்லுன்னு அடிச்சிக்கிடுதேன்.

மதிப்பு 3 லட்சத்துக்கு மேல இருந்தா இது வணிக வழக்கு, அவசரத் தடை கேக்காத பட்சத்துல வழக்குக்கு முன்னால சட்டப்பணிகள் ஆணையம் வழியா சமரசத்துக்குப் போயே ஆவணும். போங்க, நல்லதுதான். 3 மாசத்துல முடிக்கப் பாப்பாங்க, ரெண்டு பேரும் சம்மதிச்சா இன்னும் 2 மாசம் நீட்டலாம், அந்த நாளு உங்க 3 வருசக் கணக்குல சேராது, அங்க எழுதி கையெழுத்தானா கோர்ட்டுல அதுக்கு மதிப்பு உண்டு. பங்குத்தந்தையோ ஊர்ப் பெரியவரோ நடுவுல இருந்து பேசுறதுலயும் தப்பில்ல, ஆனா பேசி முடிச்சத அன்னைக்கே பேப்பர்ல ஏத்திடணும்.

நான் சின்னதா ஸ்டூடியோ வச்சிருக்கேன். ரெண்டு லேபிளுக்கும் சேத்து பாட்டு எடுத்துக் குடுத்தேன், குரலும் வாத்தியமும் தனித்தனியா பதிஞ்ச மல்டி ட்ராக் எல்லாம் என் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. இப்ப ரெண்டு பேரும் தனித்தனியா வந்து "எங்கிட்ட குடு, அவங்ககிட்ட குடுக்காத"ன்னு மெரட்டுறாங்க. எனக்கு பில்லு பாக்கியும் இருக்கு. காசு தரலன்னா நானே என் சேனல்ல போட்டுக்கலாமா?
– ஒலிப்பதிவாளர், தக்கலை

போடவே கூடாது தம்பி. டிஸ்க் உங்களது, அதுக்குள்ள இருக்க பாட்டோட உரிமை உங்களது இல்ல. பாக்கி இருக்குங்குறது உங்களுக்குத் தயாரிப்பாளர் உரிமைய தராது, நீங்க போட்டா இப்ப எதிரும் புதிருமா நிக்கிற ரெண்டு பேரும் ஒண்ணா சேந்து உங்க மேல வருவாங்க.

ஒருத்தர்கிட்ட மட்டும் குடுக்கவும் கூடாது. ரெண்டு பேருக்கும் ஒரே கடுதாசி எழுதுங்க: இன்ன இன்ன பாட்டோட ட்ராக் எங்கிட்ட பத்திரமா இருக்கு, எனக்கு வர வேண்டிய பாக்கி இவ்வளவு, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக் குடுத்தாலோ கோர்ட்டு சொன்னாலோ அன்னைக்கே தாரேன். அதுக்குள்ள இன்னொரு டிஸ்க்ல ஒரு நகல் எடுத்து வேற இடத்துல வச்சிருங்க, நம்ம ஊரு மழையும் கடல் காத்து ஈரமும் சேந்தா டிஸ்க் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், ஒரே டிஸ்க்கு செத்துப்போச்சுன்னா அத்தன பேரு உழைப்பும் போச்சு. பாக்கிக்கு ஃபர்ம் மேல மட்டும் இல்ல, ரெண்டு பார்ட்னர்ல யாருகிட்ட வேணும்னாலும் முழுசா கேக்கலாம், "என் பாதி மட்டும் தாரேன்"னு ஒருத்தர் சொன்னா நீங்க ஒத்துக்கிட வேண்டியது இல்ல. வேல முடிச்ச நாள்ல இருந்து 3 வருசம்தான் கணக்கு, அது போயிடாம பாத்துக்கிடுங்க.

எங்க வில்லிசைக் குழு பாட்டு ரெண்டு கம்பெனி சேந்து போட்டாங்க, நல்லா ஓடுது, கோயில் கோயிலா கொடைக்கு மைக்ல போடுதாவ. அன்னைக்கு ஒரு தொகை தந்தாங்க, ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, நகல் தரல. இப்ப கம்பெனி பிரிஞ்சுட்டு. பாக்கிக் காச இவரு கேட்டா அவருகிட்ட போங்காரு, அவரு கேட்டா இவருகிட்ட போங்காரு. நாங்க யார கேக்க?
– வில்லிசைக் கலைஞர், இரணியல்

ரெண்டு பேரையும் கேளுங்க அண்ணே. எனக்கு இந்தக் கடுதாசிய வாசிக்கும்போதுதான் ரொம்ப வருத்தமா இருந்துச்சு. கம்பெனிக்காரங்க சண்டையில யாரு மாஸ்டர் யாரு சேனல்னு பேசுதாங்க, வில்ல அடிச்சவரும், குடம் அடிச்சவரும், உடுக்கு எடுத்தவரும், வலத்தேயும் இடத்தேயும் இருந்து பாடுனவங்களும் பேச்சுலயே வரமாட்டாங்க.

சுடலைமாடன் கதையோ முத்தாரம்மன் கதையோ வாய்மொழியா வந்தது, அதுக்கு யாரும் தனியா உரிமை கேக்க முடியாது. ஆனா நீங்க கட்டுன வரிகள், நீங்க போட்ட மெட்டு, புதுசா எழுதிச் சேத்த வருணிப்பு எல்லாம் உங்க படைப்பு. 2012-ல காப்பிரைட் சட்டத்துல ஒரு பெரிய திருத்தம் வந்துச்சு, அதுக்குப் பிறகு பாட்டு எழுதுனவரும் மெட்டு போட்டவரும் உரிமைய கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருந்தாலும், அந்தப் பாட்டு வேற வேற வழியில பயன்படும்போது வர்ற ராயல்டியில சமபங்கு கேக்குற உரிமை அவங்கள விட்டுப் போவாது. பாடுனவங்க, வாசிச்சவங்களுக்கும் அந்தத் திருத்தம் கலைஞர் உரிமைன்னு ராயல்டி பத்தி தனியா சொல்லுது. "ஒரே தொகையா வாங்கிட்டீங்க, முடிஞ்சு போச்சு"ன்னு அவங்க சொல்லுறத அப்படியே நம்பிட வேண்டாம்.

நீங்க செய்ய வேண்டியது: கையெழுத்து போட்ட பேப்பரோட நகல ரெண்டு பேருகிட்டயும் எழுத்துல கேளுங்க. அதுல எத்தன வருசம்னு போட்டிருக்கான்னு பாருங்க, போடலன்னா மார்த்தாண்டத்துக்காரருக்குச் சொன்ன அதே 5 வருசக் கணக்கு உங்களுக்கு உதவும், காலம் முடிஞ்சிருந்தா நீங்க எழுதிக் குடுத்தது உங்களுக்கே திரும்பும், புதுசா பேசிக்கிடலாம். பாட்டு எழுதுறவங்க, மெட்டு போடுறவங்களுக்கு ஐபிஆர்எஸ்னு ஒரு சங்கம் 1969-ல இருந்து இருக்கு, அதுல சேந்து உங்க பாட்டுகள பதிஞ்சு வைங்க, கம்பெனி இருந்தாலும் போனாலும் அந்த வழியில வர்றது நேரா உங்களுக்கு வரும். நம்ம மாவட்டத்து வில்லிசைக்காரங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும்? குழுவுல இருக்க எல்லாருக்கும் சொல்லுங்க, பக்கத்து ஊரு குழுவுக்கும் சொல்லுங்க.

இந்த மாதிரி சண்டையெல்லாம் நம்ம மாதிரி சின்ன ஊர்லதானா, பெரிய நாட்டுப் பெரிய லேபிள்களுக்குள்ளயும் நடந்திருக்கா சார்? எனக்க அப்பா லேபிள் வச்சிருந்தவரு, பார்ட்னர் ஏமாத்திட்டாருன்னு சொல்லிச் சொல்லியே உடைஞ்சு போயிட்டாரு, அதான் கேக்கேன்.
– கல்லூரி மாணவி, கருங்கல்

நடந்திருக்கும்மா, நம்ம ஊர்ல நடக்குறதெல்லாம் அதுக்கு முன்னால சின்னது. அப்பாவுக்கு இந்தக் கதைய வாசிச்சுக் காட்டு.

அமெரிக்காவுல மெம்ஃபிஸ்னு ஒரு ஊரு. 1957-ல ஜிம் ஸ்டூவர்ட்னு ஒருத்தர் ஒரு சின்ன லேபிள் ஆரம்பிச்சாரு, அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் சேந்தாங்க, ரெண்டு பேரு பேரோட முதல் எழுத்துகளயும் சேத்து பிறகு ஸ்டாக்ஸ்னு பேரு வச்சாங்க. ஒரு பழைய சினிமா தியேட்டர ஸ்டூடியோவா மாத்தி, கறுப்பர்களும் வெள்ளைக்காரங்களும் சேந்து உக்காந்து வாசிச்சு, சோல் பாட்டுல உலகமே திரும்பிப் பாக்குற மாதிரி பண்ணாங்க. 1960-ல நியூயார்க்ல இருந்த அட்லாண்டிக்ங்குற பெரிய லேபிள், உங்க பாட்ட நாங்க நாடு முழுக்க கொண்டு போறோம்னு வந்துச்சு. அங்க இருந்த ஜெர்ரி வெக்ஸ்லரும் ஸ்டூவர்ட்டும் கை குடுத்துக்கிட்டதுதான் ஒப்பந்தம், பேப்பரே கிடையாது. அஞ்சு வருசம் நல்லாவே ஓடுச்சு. 1965-லதான் எழுதினாங்க, ஸ்டூவர்ட் அத முழுசா வாசிக்காம கையெழுத்து போட்டாரு. வெக்ஸ்லர் போயிட்டா நாங்களும் விலகிக்கலாம்ங்குற ஒரு பாதுகாப்பு அதுல இருந்துச்சு, அத அவரு கேட்டு வாங்குனாரு. ஆனா அட்லாண்டிக் விநியோகம் பண்ண ஸ்டாக்ஸ் பாட்டோட மாஸ்டர் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம்ங்குற வரியும் அதே பேப்பர்ல இருந்துச்சு.

1967-ல அட்லாண்டிக்க வார்னர் பிரதர்ஸ் செவன் ஆர்ட்ஸ் வாங்குச்சு. அதே வருசம் டிசம்பர் 10-ம் தேதி ஸ்டாக்ஸோட பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்துல செத்துப்போனாரு, கூட வாசிச்ச சின்னப் பையன்களும் போயிட்டாங்க. துக்கம் ஆறும் முன்னால புது முதலாளிகளோட பேச்சுவார்த்தை, அது சரிவராம 1968 மே மாசம் பிரியும்போதுதான் ஸ்டூவர்ட்டுக்கு அந்த வரி என்ன அர்த்தம்னு உறைச்சுச்சு. அதுவரைக்கும் அட்லாண்டிக் வழியா வந்த அத்தன பாட்டும் போச்சு. அவங்ககிட்ட பாடிட்டு இருந்த சாம் அண்ட் டேவ் ஜோடி கூட அட்லாண்டிக்கோட ஆளுங்கதான், ஸ்டாக்ஸுக்குக் குடுத்து வச்சிருந்தாங்க, அவங்களும் திரும்பிப் போயிட்டாங்க. கம்பெனி இருக்கு, பேரு இருக்கு, பழைய பாட்டு ஒண்ணு கூட கையில இல்ல.

ஆனா அவங்க அதோட உக்காந்துடல. ஆல் பெல்னு ஒருத்தர் அங்க பொறுப்புல இருந்தாரு, பழசு போனா புதுசு செய்வோம்னு 1969-ல ஒரே மூச்சுல 27 ஆல்பம் இறக்கினாரு. அதுல ஒண்ணு ஐசக் ஹேயஸ்ங்குற, அதுவரைக்கும் பின்னணியில பாட்டெழுதிட்டு இருந்தவரோட ஆல்பம், அது பெரிய வெற்றி ஆகி கம்பெனிய தூக்கி நிறுத்துச்சு. பிறகு 1972-ல சிபிஎஸ்ங்குற இன்னொரு பெரிய லேபிளோட விநியோக ஒப்பந்தம், அதுவும் முறிஞ்சு, 1975 டிசம்பர்ல திவால் ஆச்சுங்குறது வேற சோகம்.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச நாய்ப்படம் போட்ட இசைத்தட்டு இருக்குல்லா, எச்எம்வி, அதுலயும் இப்படி ஒண்ணு உண்டு. இங்கிலாந்து கிராமபோன் கம்பெனியும் அமெரிக்காவுல விக்டர் கம்பெனியும் 1900-கள் ஆரம்பத்துல இருந்தே ஒருத்தர் பாட்ட ஒருத்தர் பரிமாறிக்கிட்டாங்க, அந்த உறவு 1957-ல முடிஞ்சுது. பிரிஞ்ச பிறகும் அதே நாய்ப்படம் அமெரிக்காவுல ஒரு கம்பெனிக்கும் இங்கிலாந்து, இந்தியா பக்கம் இன்னொரு கம்பெனிக்கும் சொந்தமா இருந்துச்சு. ஆனா அந்த எல்லைகள் எழுத்துல தெளிவா இருந்துச்சு, அதனால ரெண்டு பக்கமும் தொழில் நடந்துச்சு.

உங்க அப்பா ஏமாந்தவருங்குற நெனப்புலயே இருக்க வேண்டாம்மா. அவரு தனியா போட்ட பழைய கேசட்டு ஏதாவது வீட்டுல இருந்தா எடுத்து வை, அந்த உரிமை இன்னும் உயிரோட இருக்கலாம்.

எங்க வீட்டுக்காரரு இன்னொருத்தரோட சேந்து லேபிள் நடத்துனாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால தவறிட்டாரு. "அவரு போனதோட பார்ட்னர்ஷிப்பும் போச்சு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு பார்ட்னர் சொல்லுதாரு, ஆனா அதே பேர்ல பாட்டு வந்துட்டே இருக்கு. எனக்கு எழுத்து வாசிப்பு கொறவு, பக்கத்து வீட்டுப் பிள்ளைய வச்சு எழுதுதேன் அண்ணே.
– குளச்சல்

தங்கச்சி, முதல்ல நாளு. இதுல தாமசம் பண்ண நேரம் இல்ல. வேற மாதிரி எழுதி வைக்கலன்னா பார்ட்னர் இறந்த அன்னைக்கே ஃபர்ம் கலையும், அதுவரைக்கும் அவரு சொன்னது சரி. ஆனா கலைஞ்சா கணக்கு முடிச்சு உங்க வீட்டுக்காரரு பங்க உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தரணும், அத அவரு சொல்லல. அந்தக் கணக்க கேக்க 3 வருசம்தான், அதுல ரெண்டு போயாச்சு.

கணக்கு முடிக்காம ஃபர்ம் சொத்த வச்சு அவரு தொழில் நடத்திட்டே இருந்தா பார்ட்னர்ஷிப் சட்டத்து 37-ம் பிரிவு உங்களுக்குத் துணை. உங்க பங்க பயன்படுத்தி வந்த லாபத்த கேக்கலாம், இல்ல பங்குத் தொகைக்கு வருசத்துக்கு 6 சதவீதம் வட்டி கேக்கலாம், எது வேணும்னு தேர்ந்தெடுக்கிறது நீங்க. பழைய பாட்டெல்லாம் யூடியூப்ல இன்னும் ஓடுதுன்னா லாபத்த கேக்குறதுதான் பெரும்பாலும் நல்லது, வக்கீல்கிட்ட ரெண்டையும் கணக்குப் போடச் சொல்லுங்க. இப்ப அந்தப் பேர்ல வர்ற புதுப் பாட்டோட விவரத்த தேதி தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இது எளிசா வரும்.

வக்கீலுக்கு என்ன செலவாகுமோன்னு பயப்படாதீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் கோர்ட்டுல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-ங்குற நம்பர்ல போன் பண்ணியும் கேக்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பார்ட்னர்ஷிப் பத்திரம் இருந்தா அது, பேங்க் பாஸ்புக்கு, இத மட்டும் எடுத்துட்டு இந்த வாரமே போங்க. லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல முடிஞ்சா அது கோர்ட்டு தீர்ப்புக்குச் சமம், அதுக்கு மேல அப்பீல் இல்ல, அதனால சொல்லுற தொகை உங்களுக்கு நியாயமா படுதான்னு நல்லா யோசிச்சு, மகனையோ மகளையோ பக்கத்துல வச்சுட்டு கையெழுத்து போடுங்க.

நானும் என் ஃப்ரெண்டும் ரெண்டு சின்ன லேபிள் வச்சிருக்கோம், டை-அப் போட்டு தனிப்பாட்டு பண்ணலாம்னு இருக்கோம். நல்ல ஃப்ரெண்ட்ஸ், அதனால எழுத வேண்டாம்னு அவன் சொல்றான். என்ன எழுதணும்?
– திங்கள்சந்தை

எழுதுங்க தம்பி, இப்ப நல்லா இருக்கும்போதே எழுதுங்க. நீளமா வேண்டாம், ரெண்டு பக்கம் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் மாஸ்டர் யாரு பேர்லன்னு பாட்டோட பேரு போட்டு ஒரு அட்டவணை, புதுப் பாட்டு வர வர அதுல ஏத்தி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். சேனல்ல ரெண்டு பேரும் ஓனரா இருக்கணும், ஆட்சென்ஸ் பணம் ரெண்டு பேரு கையெழுத்துல எடுக்குற அக்கவுண்ட்டுக்கு வரணும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமா வர்ற ஐஎஸ்ஆர்சி நம்பர தனியா எழுதி வைங்க, நாளைக்கு அக்ரிகேட்டர மாத்தும்போது அதே நம்பரோட ஏத்துனாத்தான் அது அதே பாட்டுன்னு தெரியும், பழைய ஸ்ட்ரீம் கணக்கும் கூட வரும், அத விட்டா பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். பிரிஞ்சா எத்தன நாள் முன்னால சொல்லணும், எந்தப் பாட்டு யாருக்கு, கணக்கு முடியுறவரைக்கும் பாட்ட யாரும் எறக்கக் கூடாது, ஸ்ட்ரைக் அடிக்கக் கூடாது, இத கட்டாயம் சேருங்க. உங்க ரெண்டு பேருல ஒருத்தர் தன் லேபிள வேற ஆளுக்கு வித்தா மத்தவரு விலகிக்கலாம்னு மெம்ஃபிஸ்காரரு கேட்டு வாங்குன மாதிரி ஒரு வரியையும் சேருங்க. பாடகருக்கு, எழுதுனவருக்கு, வாசிச்சவங்களுக்கு யாரு எப்ப குடுக்கணும்ங்குறதும் அதே பேப்பர்ல வரட்டும். முத்திரைத்தாள்ல எழுதி மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல ஃபர்மா பதிஞ்சிருங்க. எழுதுன டிராஃப்ட அனுப்பி வைங்க தம்பி, கையெழுத்து போடுறதுக்கு முன்னால நானும் ஒரு தடவை வாசிச்சுப் பாக்குதேன்.